அடுத்த பிறந்தநாளின் வயது

கம்பெனி என் வயதை
நான் எண்ணுகிற மாதிரி எண்ணுவதில்லை.
வரப்போகும் பிறந்தநாளை
வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்கிறது.
எனக்கு ஐம்பத்து நான்கு.
அதன் ஏட்டில் ஐம்பத்தைந்தில்
போய் உட்கார்ந்திருக்கிறேன்,
இன்னும் வாங்காத கேக்கின் முன்னால்.

ஜெலுத்தோங் கோப்பிக் கடையில்
ஐஸ் கிளாஸை நகர்த்தி
அதன் ஈர வட்டத்தைத் துடைத்து
அட்டவணையை விரிக்கிறார் சிவநேசன்.
முப்பத்தைந்தில் மாதம் நாற்பத்திரண்டு வெள்ளி.
(கோகிலவாணிக்கு அப்போது ஆறாம் மாதம்,
நூறு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.)
நாற்பதில் அறுபது சொச்சம்.
நாற்பத்தைந்தில் தொண்ணூற்றெட்டு.
ஐம்பதில் நூற்று அறுபத்தேழு.
அடுத்த வரியை அவர் வாயால் படிக்கவில்லை,
பேனா முனையால் தொட்டார்.

இருபது வருடம் கட்டியதில்
ஒரு காசு திரும்பாது.
இந்தப் பாலிசியின் குணம் அப்படி.
செத்துப்போவேன் என்று நானும்
மாட்டான் என்று கம்பெனியும் பந்தயம் கட்டி
நான்கு தடவையும் தோற்றது நான்.
தோற்ற சந்தோஷத்தில்
ஒவ்வொரு தடவையும் ஒரு நாசி கண்டார்,
குழம்பு தளும்பத் தளும்ப.

"பதினேழாம் தேதிக்குள்ள சைன் பண்ணிடுங்கண்ணே,
பொறந்தநாள் தாண்டினா இன்னொரு வயசு ஏறிடும்."

அந்தப் பதினேழு பொய்.
அப்பா ஏழு மாதம் பிந்திப் போய்ப் பதிந்தார்.
லாரி கிடைக்கவில்லையோ, மறந்துவிட்டாரோ,
மூன்றாவது பிள்ளைதானே என்று விட்டுவிட்டாரோ.
அவர் எனக்கு எழுதிவைத்த சொத்து
அது ஒன்றுதான்:
ஐசியில் ஏழு மாத இளமை.
அதில் இத்தனை வருடம் வட்டி தின்றிருக்கிறேன்.
கம்பெனிக்குத் தெரியாது.
நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

புகை பிடிப்பதுண்டா?
நிறுத்திப் பத்து மாதம்.
பன்னிரண்டு முடிந்தால்தான்
'இல்லை' என்று குறிக்கலாமாம்.
ஆக இன்னும் இரண்டு மாதம்
வாயில் எதுவும் இல்லாமல்
புகைத்துக்கொண்டிருப்பேன்,
புகைப்பவனின் விலையில்.

பாயான் பாரு கிளினிக்கில் டாக்டர் ஊய்
குளிர்ந்த பசையைத் தடவி
ஆறு இடத்தில் ஒயர் ஒட்டினார்.
காகிதத்தில் சின்னச் சின்ன மலைகள் வந்தன.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
"லஞ்ச் சாப்பிட்டாச்சா?" என்றார்.
அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று
மாடிப்படி இறங்கும்வரை பிடிபடவில்லை.

ராத்திரி, மின்சார பில்லின் முதுகில்
கோகிலவாணி கூட்டிக் கழித்தாள்.
கையுறைத் தொழிற்சாலையில்
எழுநூறு பேருக்குச் சம்பளம் போடுகிற கை.
"ரெண்டு லட்சம் எதுக்கு?
வீட்டுக்கடன் நாப்பத்தொண்ணுதான் பாக்கி.
தர்ஷன் பெர்லிஸ்ல இன்னும் ரெண்டு வருஷம்.
ஒரு லட்சம் போதும்."
பாரத்தில் இரண்டை அடித்து ஒன்று எழுதினாள்,
பக்கத்தில் என் கையெழுத்துக்கு
ஒரு சிலுவைக் குறியும்.

"அப்ப நான் பாதி விலைக்கு இறங்கிட்டேனா?"

அவள் எழுந்து போய்
சட்டியில் கெம்போங் மீனைத் திருப்பிப் போட்டாள்.
எண்ணெய் கத்தி அடங்கியது.
"மீதிப் பாதிக்கு நீங்களே இருங்க," என்றாள்,
மீனைப் பார்த்தபடி.

போட்டேன் கையெழுத்து.

பதினேழாம் தேதி காலை ஏழே கால்.
பினாங்குப் பாலத்தின் நடுமுதுகில்
மோட்டாரில், மழைக்கோட்டுக்குள் நான்.
பக்கவாட்டில் லாரிகளின் காற்று.
சட்டைப்பையில் போன் ஒருமுறை துடித்தது,
பேங்க் பணம் எடுத்துக்கொண்டதாக இருக்கும்.
இல்லை, கோகிலவாணியாக இருக்கலாம்,
வாழ்த்தாக இருக்காது, அவளுக்கு
ஏழு மாதம் முந்திய தேதிதான் கணக்கு.
கரை வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.
இடது ஓரமாக, நாற்பதில்,
போய்க்கொண்டிருந்தேன்.